எத்தனை அடுக்குவரை உள்ளே விடுவது

தம்பி,

எனக்குப் பொறாமைதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தைப் பாதி படித்ததுமே நீ அப்பாவுக்குப் போனில் கோல் எடுத்து, "அம்மாவுக்கு ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்பாய். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வயிறுதான் எரிகிறது, அதுவும் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை நினைத்து. மகனுடைய கல்யாணத்துக்குப் பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் ஒரு தாய் உட்கார்ந்து இப்படியா எழுதுவாள் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நேரில் சொன்னால் கத்துவேன். உனக்கும் என் மூக்கு நுனிக் கோபம் அப்படியே வந்திருக்கிறது, நீயும் கத்துவாய். எழுதினால் நீ இடையில் புகுந்து பேச முடியாது, அந்த ஒரு வசதிக்காகவே எழுதுகிறேன்.

எந்தத் தாய்க்கும் மருமகள் வரும்போது ஒரு எரிச்சல் வரும் என்பார்கள். அது எனக்கும் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். இவ்வளவு நாள் "அம்மா, இத என்ன செய்யிறது?" என்று என்னைக் கேட்டவன் இப்போது அவளைக் கேட்கிறான். அதைக்கூட விட்டுவிடலாம். என்னுடைய வயிற்றெரிச்சல் வேறு ஜாதி. நான் எழுதின புரோகிராமை உன் ஷாமினி தொட்டாள். தொட்டதோடு விட்டாளா, சரியாக்கினாள். நீ பக்கத்தில் நின்றுகொண்டு முகம் முழுக்கச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நீ எனக்காக ஒரு நாளும் சிரித்ததில்லை.

உனக்குத் தெரிந்த கதையையும் இங்கே சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். காரணம், இதை அவளும் படிப்பாள். நீ அவளிடம் எதை மறைத்திருக்கிறாய்? பள்ளிக்கூடம் முடிந்து எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை கிடைக்கும் வரைக்கும், திம்புள்ளப் பக்கத்தில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் நானும் கொழுந்து பறித்தவள். சாயங்காலம் மடுவத்தில், அந்த நிறுவைக் கொட்டகையில், கொழுந்தை நிறுப்பார்கள். கணக்கப்பிள்ளை ஐயா ஒரு எண்ணைச் சொல்லி எழுதுவார். பிறகு ஈரக் கொழுந்து என்பார், தண்ணிக்குக் கழிக்க வேண்டும் என்பார், எழுதினதை வெட்டிப் பேனையால் அழுத்தித் தேய்த்துவிட்டு மேலே வேறொன்றை எழுதுவார். "ஐயா, பதினாறுன்னு சொன்னீங்களே" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "பதினாறா? எங்க இருக்கு பதினாறு? காட்டு பாப்பம்" என்றார். காட்ட முடியவில்லை. தேய்த்த மையைத்தான் காட்ட முடிந்தது. கிலோ குறைந்ததால் அன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை, தங்களுக்கும் தினம் அதுதானே என்று.

அதனால்தான் பிற்காலத்தில் ஹட்டனில் கடைக்கு மேல் ஒரு அறை எடுத்து, தோட்டங்களின் கொழுந்து நிறுவைக்கு நானே புரோகிராம் எழுத உட்கார்ந்தபோது, ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். எதையும் அழிக்கக் கூடாது. மடுவத்தில் மின்தராசு, அதோடு ஒரு சின்னப் பெட்டி. கொழுந்து பறித்த பெண் தன் கார்டை வைப்பாள், கிலோ விழும், பெட்டி அதை ஹட்டனுக்கு அனுப்பும். யாராவது எண்ணைத் திருத்தினால் பழைய பதிவு அப்படியே புதிய பதிவின் வயிற்றுக்குள் போய் உட்காரும். இன்னொரு தடவை திருத்தினால் அந்த இரண்டும் மூன்றாவதற்குள் போகும், ஒரு சாக்குக்குள் இன்னொரு சாக்கைத் திணிக்கிற மாதிரி. எத்தனை தடவை திருத்தினாலும் அடியில் முதலில் விழுந்த கிலோ இருக்கும். எவரும் வந்து "எங்க இருக்கு?" என்று கேட்க முடியாது. நீ அப்போது ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது செம" என்றாய். அந்த ஒரு சொல்லுக்காகவே எத்தனையோ நாள் முதுகுவலியோடு உட்கார்ந்து எழுதினேன்.

அப்படி அடுக்கடுக்காக வருவதைப் பிரித்துப் படிக்கிறதையும் நானே எழுதினேன். நீங்கள் பார்சர் என்கிறீர்கள். அது செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. படித்துக்கொண்டே போகும், ஒரு அடைப்புக்குறி திறந்தால் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு அதற்குள் போகும், அங்கே இன்னொன்று திறந்தால் அதையும் வைத்துவிட்டு இன்னும் உள்ளே போகும். மூடினால் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். அடுப்பில் சோறு கொதிக்கும்போது வாசலில் ஆள் கூப்பிட்டால் போகிறோம், வாசலில் நிற்கும்போது போன் அடித்தால் எடுக்கிறோம். எதை எங்கே விட்டோம் என்பதை மண்டைக்குள் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோறு தீயும். கம்ப்யூட்டருக்கும் அப்படி வைத்திருக்க ஒரு இடம் உண்டு. அந்த இடத்துக்கு ஒரு எல்லை உண்டு என்பதை நான் மறக்கவில்லை, நினைத்துப் பார்க்கவே இல்லை. ஒருவருடைய கிலோவை எத்தனை தடவைதான் திருத்துவார்கள்? மூன்று, நான்கு. மிஞ்சிப் போனால் ஆறு.

போன மழையில் நடந்தது உனக்குத் தெரியும். கந்தப்பளைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் நாள் முழுக்க மூடுபனி, சிக்னல் இல்லை. பெட்டி அனுப்பிப் பார்க்கும், போகாது, திரும்பவும் அனுப்பும். ஒவ்வொரு தடவையும் அனுப்புகிற நேரம் மாறுகிறதல்லவா? ஏதோ மாறிவிட்டது, அப்படியென்றால் இதுவும் ஒரு திருத்தம்தான் என்று என் புரோகிராம் நினைத்துக்கொண்டது. எதையும் அழிக்கக் கூடாது என்று சொல்லித்தானே வளர்த்தேன், பாவம். முன்னே அனுப்பப் பார்த்ததை வயிற்றுக்குள் வைத்துப் புதிதாக ஒன்று செய்தது. அது போகவில்லை. அதை வயிற்றுக்குள் வைத்து இன்னொன்று. போகாததையெல்லாம் வரிசையிலும் நிறுத்தி வைத்தது. சாயங்காலம் பனி விலகிச் சிக்னல் வந்ததும் அத்தனையும் ஒரே மூட்டையாக வந்து ஹட்டனில் விழுந்தது. என் பார்சர் முழு மூட்டையையும் முதலில் நினைவகத்தில் ஏற்றிவிட்டுத்தான் பிரிக்கத் தொடங்கும். கம்ப்யூட்டர் முக்கியது, முனகியது. பிறகு உள்ளே, உள்ளே, உள்ளே என்று போய், போன இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லாமல் விழுந்தது. திரும்ப எழுப்பினேன். எழுந்ததும் வரிசையில் முதலில் நின்ற அதே மூட்டையை எடுத்தது, அதே இடத்தில் விழுந்தது. அதற்குப் பின்னால் மற்றத் தோட்டங்களின் கிலோவெல்லாம் ரோட்டில் மரம் விழுந்தால் நிற்கிற பஸ் மாதிரி வரிசையாக நின்றன.

அந்த நேரம் பார்த்துப் பரமேஸ்வரி அக்கா கோல் எடுத்தார். கந்தப்பளைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர், என் நம்பரைப் போனில் வைத்திருக்கிற ஒரே ஆள். "என்ன தங்கச்சி, ஒங்க பெட்டி எங்க கிலோவ முழுங்கிருச்சாமே? கம்ப்யூட்டர்ல இல்லாட்டி எல்லாருக்கும் அரப்பேருதான்னு ஐயா சொல்றாரு. மழையில நனைஞ்சு பறிச்சது நாங்க. ஒங்க பெட்டிக்கு என்னா கொள்ளை?" வெட்டித் தேய்த்த அந்த ஐயா செய்ததை நானே செய்துவிட்டேன், அதுவும் பேனை இல்லாமல்.

உடனே உனக்குத்தான் எடுத்தேன். வேறு யாருக்கு எடுப்பேன்? நான் பாதி சொல்லி முடிக்கும் முன்னே, "அம்மா, ஒரு நிமிஷம் இருங்க, ஷாமினி பக்கத்துல இருக்கா" என்றாய். அடுத்த மூச்சில் அவள் குரல். "ஆன்ட்டி, எத்தன அடுக்கு வரைக்கும் உள்ள விடுவீங்க? லிமிட் என்னா வச்சிருக்கீங்க?"

"லிமிட்டா? எதுக்கு லிமிட்?" என்றேன்.

"பரவால்ல ஆன்ட்டி, நெறைய பேரு வக்கிறதில்ல" என்றாள்.

பரவாயில்லையாம்! தம்பி, என்னை முட்டாள் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் "பரவால்ல" இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அந்த மூட்டையை வரிசையிலிருந்து எடுத்துத் தனியே வைக்கச் சொன்னாள். வைத்தேன். மற்றத் தோட்டங்களின் கிலோவெல்லாம் மடமடவென்று போய் விழுந்தன. பிறகு அந்த மூட்டையில் கடைசியாகச் செய்த பதிவை மட்டும் எடுத்து, உள்ளே போகாமல் மேலாகப் படிக்க வழி சொன்னாள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பரமேஸ்வரி அக்காவுக்கும் முழுப்பேர் விழுந்தது. "கெட்டிக்காரி தங்கச்சி நீ" என்று அக்கா என்னைத்தான் பாராட்டினார். யார் சரிசெய்தது என்று நான் சொல்லவில்லை.

பிறகுதான் இந்த ஞாயிறு. நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். கோழி சமைத்திருந்தேன். சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து, அவள் எழுதின புதிய பார்சரை எனக்குக் காட்டினாய். அடுக்குக்கு ஒரு எல்லை. முழு மூட்டைக்கு ஒரு அளவு. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் பிரிக்காமல், வரவரக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் படித்து, படித்ததை விட்டுவிட்டு நகர்கிற விதம். எல்லையைத் தாண்டினால் விழாது, "முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கும். நீ விளக்கிக்கொண்டே போனாய், ஒவ்வொரு வரிக்கும் "ஷாமினி இத எப்பிடி யோசிச்சிருக்கா பாருங்க". நான் அவளுக்கு இன்னொரு துண்டு கோழி வைத்தேன். கை வைத்தது, வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லையத் தாண்டுனா என்னா பண்ணுவீங்க? பழசையெல்லாம் வெட்டி வீசுவீங்களா?" என்று கேட்டேன்.

"அம்மா, ஒங்க எழுத்த யாரும் கொற சொல்லல. ஆனா இது வேணும். அடுத்த மழைக்குத் திரும்பவும் விழும்."

"விழட்டும். நான் தூக்கிக்குவேன். பழசு வேணாம், வெட்டி எறின்னு சொல்ற பொண்ணு நாளைக்கு இந்த வீட்டுல எதையெதை வெட்டி எறிவாளோ, யாரு கண்டா."

அவள் மடிக்கணினியை மூடினாள். நீ எழுந்துவிட்டாய். கையைக்கூடக் கழுவவில்லை. "இத நீங்க உள்ள விடலைன்னா நான் இனி இந்த புரோகிராமத் தொடமாட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் நீங்களாச்சு, ஒங்க பெட்டியாச்சு. எங்களக் கூப்பிடாதீங்க." எங்களை என்றாய். என்னை என்று சொல்லவில்லை. பாஸ்வேர்ட் என் கையில்தான் இருந்தது, நானும் அசையவில்லை. அப்பா தன் டூரிஸ்ட் வானை எடுத்துக்கொண்டு உங்களை நானுஓயா ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தார். எப்போதும் அந்த ஸ்டேஷனில் வெள்ளைக்காரர்களை ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிற மனுஷன், சொந்தப் பிள்ளையை இறக்கிவிட்டு வெறும் வானோடு வந்தார். "ரயில் வர்ற வரைக்கும் ஒரு பேச்சு இல்ல. அந்தப் புள்ள அழுதுச்சு" என்றார். "அதுக்கு நான் என்னா பண்ண?" என்றேன். மிச்சக் கோழியை யாரும் தொடவில்லை.

சரி, கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பது முறை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கும் எனக்கும் நடக்கிற சண்டையை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவன். அவர் கறியில் உப்புக் கூட என்பார். நான், "வான் வாங்கும்போது என்னக் கேட்டீங்களா?" என்பேன். அவர், "நீ ஆபீஸ் வேலைய விடும்போது என்னக் கேட்டியா?" என்பார். அதற்குள் அவர் தங்கை கல்யாணத்தில் எனக்கு எடுத்த சேலை வரும், சேலைக்குள் அவர் அம்மா சொன்ன ஒரு சொல் வரும். அந்தச் சொல்லுக்குள் போனோமென்றால் திரும்பி வருகிற வழி இரண்டு பேருக்கும் தெரியாது. உப்பை யாரும் நினைப்பதில்லை. ஒரு நாள் அப்படிப் போய்ப் போய், நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு தலவாக்கலை வரைக்கும் பஸ்ஸில் போய்விட்டேன். எதற்காக வந்தோம் என்று பஸ்ஸில் யோசித்தால் உப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது. வெட்கமாகப் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அதன் பிறகு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்றாவது பழங்கதை வந்ததும் எழுந்துபோய் வானைக் கழுவுவார். நம் வான் பளபளவென்று இருக்கிற ரகசியம் அதுதான். நீயும் எத்தனாவதில் எழுந்து போவது என்று கட்டும் முன்னேயே முடிவு செய்துகொள். சண்டை வந்த பிறகு முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று. அவள் ஏதாவது மனத்தாங்கல் சொன்னால் அன்றைக்கே கேட்டு அன்றைக்கே முடித்துவிடு. நீ என்னைப் போல, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு நாள் மொத்தமாகக் கேட்கலாம் என்று நினைக்கிற ஆள். அது ஆகாது. மொத்தமாக வந்தால் நெஞ்சு தாங்காது, எது முதல் எது கடைசி என்றும் தெரியாது. வரவர வாங்கு, வரவர முடித்து அனுப்பு.

ஐயோ, எழுதினதைத் திருப்பிப் படித்துப் பார்க்கிறேன். இவ்வளவு நேரமும் நான் அவளுடைய கட்சியைத்தான் பேசியிருக்கிறேன்! அடுக்குக்கு எல்லை வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும். அவள் மேசையில் காட்டின அதே இரண்டும். என் வாயாலேயே என்னைச் சொல்ல வைத்துவிட்டாள், அவள் இங்கே இல்லாமலேயே. இன்னும் கூடத்தான் எரிகிறது. இதை இப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.

மேலே உள்ளதை எழுதினது செவ்வாய். இன்றைக்கு அதற்கு அடுத்த வாரத்து ஞாயிறு. இடையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நீயும் நேற்று வரை கோல் எடுக்கவில்லை. நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பாய். நீ மேசையில் மறந்துவிட்டுப்போன பென்டிரைவிலிருந்து அந்தப் பார்சரை எடுத்துத் தனியாக ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். நம் வேலைக்குச் சேர்ப்பதற்கு இல்லை. அடித்து நொறுக்குவதற்கு. எங்கேயாவது அது விழ வேண்டும், விழுந்ததைப் படம் பிடித்து உனக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வேண்டுமென்றே கெட்ட மூட்டைகள் செய்தேன். திறந்துகொண்டே போய் மூடவே மூடாத அடைப்புக்குறிகள். முடிவே இல்லாமல் நீளுகிற ஒரு பெயர். வால் நீண்டுகொண்டே போகிற ஒரு கிலோ எண். கோடிப் பதிவு வருகிறது என்று முதல் வரியில் சொல்லிவிட்டு இரண்டை மட்டும் அனுப்புகிற பொய் மூட்டை. என்னுடைய பழைய பார்சர் இதில் எதைக் கொடுத்தாலும் படுத்திருக்கும். அவளுடையது ஒன்றுக்கும் விழவில்லை. கோடி என்று சொன்னதைக் கேட்டுக் கோடிக்கு இடம் ஒதுக்கவில்லை, வந்ததைப் பார்த்துத்தான் இடம் கொடுத்தது. ஒவ்வொன்றையும் எல்லையில் நிறுத்தி, "இதற்கு மேல் முடியாது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனது. என்ன எழுத்து தம்பி அது! நான் பக்கம் பக்கமாக எழுதுவதை அவள் நாலு வரியில் எழுதியிருக்கிறாள். படிக்கப் படிக்க அழகாக இருந்தது. ஆத்திரத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் கிடைத்தது. எல்லையைத் தாண்டினதை அது மறுத்தது சரி, மறுத்ததை எங்கே வைத்தது என்று தேடினேன். எங்கேயும் வைக்கவில்லை. எறிந்துவிட்டது. மடுவத்தில் நிற்கிற பெண்ணுக்கு அந்தப் பெட்டியின் திரையில் ஒரு எண் மட்டும் வரும், பிழை எண். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? கிலோ எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. எழுந்து நின்று கை தட்டினேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உனக்குக் கோல் எடுக்கவில்லை. நேரே அவளுக்கு எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவளைக் குத்தத்தான் எடுத்தேன்.

சொன்னேன், ஒன்று விடாமல். அந்தப் பக்கம் அமைதி. எனக்கு நல்ல ருசியாக இருந்தது அந்த அமைதி. பிறகு, "மாமி, அத நான் யோசிக்கவே இல்ல" என்றாள். முதல் தடவையாக மாமி என்றாள்.

"பரவால்ல, நெறைய பேரு யோசிக்கிறதில்ல" என்றேன்.

அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஒரு சிரிப்புச் சிரித்தாள், அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. "ஒண்ணு சொல்லட்டா மாமி, கோவிச்சுக்கக் கூடாது. எனக்கு ஒங்க மேல பயங்கர எரிச்சல்."

"என் மேலயா? எதுக்கு?"

"நான் எத எழுதிக் காட்டினாலும் ஒங்க மகன் என்னா சொல்வாரு தெரியுமா? 'அம்மாவா இருந்தா இத இப்பிடி எழுதியிருப்பாங்க.' சமைச்சாலும் அம்மா, கோட் எழுதினாலும் அம்மா. படிச்சு முடிச்ச நாள்ல இருந்து இதக் கேக்கிறேன். அன்னைக்கு ஒங்க கோல் வந்துச்சே, அவரு எனக்குத் தரல மாமி. நான்தான் கையில இருந்து புடுங்கினேன். அம்மா ஒரு எடத்துல மாட்டிக்கிட்டாங்கன்னு உள்ளுக்குள்ள சந்தோசம். ஞாயித்துக்கெழமையும் நான்தான் கொண்டுபோய்க் காட்டுவோம்னு சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"அடிப்பாவி!" என்றேன். நான் இங்கே அவளை நினைத்து வெந்துகொண்டிருக்கிறேன், அவள் அங்கே என்னை நினைத்து வெந்துகொண்டிருக்கிறாள். நடுவில் நீ ஒருத்தன், ஒன்றும் தெரியாமல், இந்தப் பக்கம் அவள் புகழையும் அந்தப் பக்கம் என் புகழையும் பாடிக்கொண்டிருக்கிறாய். இரண்டு வீட்டுக்கும் நெருப்பு வைத்தவன் நீதானடா!

அன்றிலிருந்து தினமும் பேசுகிறோம், உன்னிடம் சொல்லக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு. எதையும் அழிக்கக் கூடாது என்கிற என் பிடிவாதத்தை விடச் சொல்ல மாட்டேன் என்றாள், ஆனால் ஒன்றை ஒன்றின் வயிற்றில் வைக்க வேண்டாமே என்றாள். ஒவ்வொரு திருத்தமும் தனி வரி. எந்த வரியைத் திருத்தியது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. முதலில் விழுந்த கிலோ என்றைக்கும் முதல் வரியாக இருக்கும், எத்தனை திருத்தினாலும் ஆழம் கூடாது, அருகருகேதான் நிற்கும். இது எனக்குத் தோன்றவில்லையே என்று அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நேரம் மட்டும் மாறினால் அது திருத்தம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டோம். இருந்தாலும் கெட்ட மூட்டைக்கு ஒரு எல்லை வேண்டுமே, அதற்கு நாங்கள் போட்ட சண்டையை நீ கேட்டிருக்க வேண்டும். அவள் பதினாறு அடுக்கு போதும் என்றாள், நான் அறுபத்து நாலு கேட்டேன், முப்பத்திரண்டில் நின்றோம். அவள் பழங்கதை எதையும் இழுக்கவில்லை, நானும் இழுக்கவில்லை. மறுத்த மூட்டையை இனி எறியாது, வந்தது வந்தபடியே தனியே வைக்கும். மடுவத்துத் திரையில் எண் வராது. "உங்கள் கிலோ பத்திரமாக இருக்கிறது, ஆபீஸ் பார்க்கிறது" என்று தமிழிலும் சிங்களத்திலும் வரும். அந்த வசனம் நான் எழுதினது. சிங்களத்தில் அவள் ஒரு எழுத்தைத் திருத்தினாள், பொறுத்துக்கொண்டேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை பாஸ்வேர்ட் போட்டு நானே உள்ளே விட்டேன். நேற்றுக் கந்தப்பளையில் நல்ல மழை, பகல் முழுக்கச் சிக்னல் இல்லை. பொழுது சாயும்போது சிக்னல் வந்தது. ஒருவருக்கு ஒரு வரி, அவ்வளவுதான் வந்தது. கம்ப்யூட்டர் தும்மக்கூட இல்லை. பரமேஸ்வரி அக்காவுக்கு நானே எடுத்துக் கிலோ விழுந்ததா என்று கேட்டேன். "விழாம எங்க போகும்? ஏன், திரும்பவும் முழுங்கப் பாத்துச்சா?" என்றார். இந்தத் தடவை யார் எழுதினது என்று சொன்னேன். "மருமகளா? அப்ப கல்யாணத்துக்கு நாங்க வராம இருப்பமா?" என்று பெரட்டுக் களத்தில் நிற்கிற ஆட்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிக் கத்தினார். பந்தியில் ஆள் கூடும், மண்டபக்காரரிடம் சொல்லி வை.

இவ்வளவும் சொன்னதால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இருக்கிறது. அவள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் சுருக்கென்று ஒன்று வரும், வந்துகொண்டேதான் இருக்கும். அவளுக்கும் அப்படித்தானாம், நேரடியாகவே சொல்கிறாள். உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவள் எழுதினதைப் பார்த்து என் பெயரை எடுக்காதே, நான் எழுதினதைப் பார்த்து அவள் பெயரை எடுக்காதே. யாருடையதைப் பார்க்கிறாயோ அவளைப் பாராட்டு. அது முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வானைக் கழுவு.

நேற்றுச் சாயங்காலம் நீ எனக்குக் கோல் எடுத்தாயாம். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவை. லைன் கிடைக்கவில்லை. உடனே அவளுக்கு எடுத்தாயாம், அதுவும் கிடைக்கவில்லை. திரும்ப எனக்கு, திரும்ப அவளுக்கு. கடைசியில் அப்பாவுக்கு எடுத்து, "ரெண்டு பேரும் இவ்ளோ நேரம் யாரோட பேசுறாங்க?" என்று கேட்டாயாமே. குரலில் நல்ல எரிச்சல் இருந்தது என்று அப்பா சொன்னார். நான் போனை அப்படியே காதில் வைத்துக்கொண்டு அதை ஷாமினிக்குச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம், உனக்குத் திருப்பி எடுக்கவில்லை.

உன் அம்மா